ஹண்டருக்கு வைத்த பொட்டு

திங்கட்கிழமை காலை எட்டேகாலுக்குத் தேசிகன் சாரின் அறைக் கதவைத் திறந்த தமயந்தி, கையிலிருந்த பரிசுக் காகிதச் சுருளைக் கீழே போட்டாள். மேசைமேல் நின்றிருந்த சின்ன ஹண்டர் போர் விமானத்தின் மூக்கில் கட்டை விரல் அகலத்துக்குச் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். முன் சக்கரத்துக்கு அடியில் நசுங்கிய எலுமிச்சம்பழத் துண்டு ஒன்று. வாசனை பிடித்து வந்த எறும்புகள் மேசைக் கண்ணாடியைக் கடந்து, சக்கரத்தில் ஏறி, இறக்கையைச் சுற்றிப் பார்த்துவிட்டு இறங்கிக்கொண்டிருந்தன. குங்குமமாவது வைத்த இடத்தில் இருந்ததா என்றால் அதுவும் இல்லை. ஈரச் சந்தனத்தோடு சேர்ந்து இடது பக்கமாக வழிந்து, விமானி உட்காரும் இடத்துக்குக் கீழே வந்து காய்ந்து கிடந்தது. பன்னிரண்டு மணிக்கு அந்த விமானம் இன்னொருவர் கைக்குப் போயாக வேண்டும்.

குரூப் கேப்டன் தேசிகன் விமானப்படையில் ஓய்வு பெற்று, ரிச்மண்ட் ரோட்டில் இருந்த இந்த சாஃப்ட்வேர் கம்பெனிக்கு நிர்வாகத் தலைவராக வந்தபோது கூடவே ஒரு கண்ணாடி அலமாரியும் வந்தது. உள்ளே பதினேழு போர் விமானங்கள். ஒவ்வொன்றும் ஒரு சாண், ஒன்றரைச் சாண் நீளம். பார்க்க என்னவோ லேசாக இருக்கும். கையில் எடுத்தால் கனக்கும், அத்தனையும் அச்சில் வார்த்த உலோகம். அவருக்கு உதவியாளராகச் சேர்ந்த புதிதில் தமயந்தி அதைப் பார்த்து, "பொம்மை நல்லா இருக்கு சார்" என்று சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

"பொம்மைன்னா கொழந்தைங்க விளையாடறது. இது ஸ்கேல் மாடல். நெஜ விமானத்துல எழுபத்திரண்டுல ஒரு பங்கு. ஒரு ஆணி எடம் மாறியிருந்தாலும் நான் வாங்க மாட்டேன்."

அன்றைக்கு 'சாரி சார்' என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, ஐம்பத்தாறு வயது மனிதருக்கு இது என்ன விளையாட்டு என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டாள். ஆம்பூரில் அவள் அப்பா ஐம்பத்தாறு வயதில் மூட்டு வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். ஊருக்கு ஊர் ஆண்கள் வித்தியாசப்படுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தாள்.

இந்த ஹண்டர் பதினெட்டாவது. வந்த நாளிலிருந்து அதை அவர் அலமாரிக்குள் வைக்கவே இல்லை. இங்கிலாந்தில் இருக்கும் யாரோ ஒரு கைவேலைக்காரரிடம் அனுப்பி, வாலில் எண்ணும், காக்பிட்டுக்குக் கீழே பொடி ஆங்கில எழுத்தில் ஒரு வரியும் எழுதி வாங்கியிருந்தார். அனுப்பி, எழுதி, திரும்பி வர ஒன்றரை வருஷம். எட்டு மாதமாக அது மேசையிலேயே அவர் எதிரில் நின்றது. தினமும் நாலைந்து முறை கையெழுத்து வாங்க அந்த மேசைக்கு வந்த தமயந்தி, அந்த வரியை ஒரு நாளும் படித்ததில்லை. படிக்க வேண்டும் என்று தோன்றினால்தானே.

போன வியாழக்கிழமை டெல்லிக்குக் கிளம்பும்போது அவர் சொல்லிவிட்டுப் போனார். திங்கள் பன்னிரண்டு மணிக்கு மமதா என்று ஒரு அம்மா மடிக்கேரியிலிருந்து வருவார். வாசலுக்குப் போய் அழைத்து வர வேண்டும். இரண்டு காபி. ஹண்டரை அதன் பெட்டியில் வைத்துக் காகிதம் சுற்றித் தயாராக வைக்க வேண்டும். அவர் ஏர்போர்ட்டிலிருந்து நேரே வந்துவிடுவார். இத்தனையும் சொல்லிவிட்டு, "அத மட்டும் ஜாக்கிரதையா, தமயந்தி" என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அவர் எதையும் இரண்டு தடவை சொல்கிறவர் இல்லை.

வெள்ளிக்கிழமை ஆபீஸில் ஆயுத பூஜை. கன்னடக்காரர், தமிழர், தெலுங்குக்காரர், டோரதி என்கிற வரவேற்பறைப் பெண் உட்பட எல்லாரும் பட்டும் சரிகையுமாக வந்து இறங்கிய நாள். பூசணிக்காய், வாழைக்கன்று, பொரி, எல்லாமே தமயந்தியின் தலையில். இதற்கு நடுவே சந்தனக் கிண்ணத்தையும் குங்குமத்தையும் நறுக்கிய எலுமிச்சைத் தட்டையும் துப்புரவு வேலை செய்யும் சின்னத்தாயி கையில் திணித்து, "அக்கா, மிஷின்னு இருக்கிறது ஒண்ணு விடாம எல்லாத்துக்கும் வெச்சிடுங்க. சக்கரம் இருந்தா எலுமிச்சம்பழம்" என்று சொன்னது அவள்தான். அந்த வாக்கியம் இப்போது ஒரு எழுத்துக் குறையாமல் காதில் கேட்டது. ஒண்ணு விடாம. சக்கரம் இருந்தா.

சின்னத்தாயி ஒன்றும் விடவில்லைதான். ஜெராக்ஸ் மிஷின், காபி மிஷின், சர்வர் அறையில் நின்ற அத்தனை பெட்டிகள், காகிதம் கிழிக்கும் மிஷின், வாசலில் அட்டை தேய்க்கும் பெட்டி எல்லாவற்றுக்கும் பொட்டு. விமானத்துக்கு மூன்று சக்கரம் இருந்தது. அது மிஷின் இல்லை என்று யார் அவளுக்குச் சொன்னார்கள்? பொம்மை இல்லை என்றுதான் எல்லாருக்கும் சொல்லப்பட்டிருந்தது.

தமயந்தி இன்டர்காமில் கூப்பிட, சின்னத்தாயி துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு வந்தாள். ஆஸ்டின் டவுனிலிருந்து நடந்தே வேலைக்கு வருகிறவள். நாற்பத்தெட்டு வயது. நீலச் சீருடைப் புடவை, வெறும் நெற்றி. இந்த அறையைச் சுத்தம் செய்யத் தேசிகன் சார் அவளுக்குத் தானே வகுப்பு எடுத்திருந்தார். துணி கூடாது, தண்ணீர் கூடாது, முகம் மழிக்கும் பிரஷ் ஒன்றால் தூசு தட்டலாம், அவ்வளவுதான். வேறு யாருக்கும் அந்த அனுமதி கிடையாது. சின்னத்தாயி அந்த பிரஷை ஒரு டப்பாவில் போட்டுத் தனியாக வைத்திருந்தாள்.

"இது என்னக்கா?" என்றாள் தமயந்தி. குரலை உயர்த்தாமல் கேட்க வேண்டும் என்று நினைத்திருந்தாள். முடியவில்லை.

"பொட்டு மேடம். நீங்கதான எல்லாத்துக்கும் வெக்க சொன்னீங்கோ."

"இதுக்கா வெக்கச் சொன்னேன்? இன்னிக்கி இத ஒருத்தருக்குக் குடுக்கணும். சார் பதினொண்ணு, பதினொண்ணரைக்கு வந்துடுவார். சீக்கிரம் தொடைங்க."

சின்னத்தாயி விமானத்தைப் பார்த்தாள். பிறகு தமயந்தியைப் பார்த்தாள். கைகள் முந்தானைக்குள் போய்விட்டன.

"எலுமிச்சம்பழத்த எடுத்துட்டு எறும்ப தட்டி உட்டுர்றேன் மேடம். பொட்ட அழிக்க மாட்டேன்."

"என்னது?"

"கோச்சுக்காதீங்கோ. எங்க ஊட்டுக்காரரு போனப்போ, எல்லாரும் பாக்க எங்க நாத்தனா ஈரத்துணியால என் நெத்தியில தேச்சா. தோல் உரிஞ்சி போச்சு. அதுலருந்து வெச்ச பொட்ட நான் அழிக்கறதில்ல. அன்னியிலருந்து குங்குமக் கிண்ணத்த என் கையில யாரும் குடுத்ததும் இல்ல. நீங்க குடுத்தீங்கோ. அதான் ஒண்ணு உடாம வெச்சேன்."

தமயந்தி அதையெல்லாம் யோசித்துக் கொடுக்கவில்லை. பக்கத்தில் நின்றவள் கையில் கொடுத்தாள், அவ்வளவுதான். யோசித்திருந்தால் கொடுத்திருப்பாளா என்று தன்னையே கேட்டுக்கொண்டு, அந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிட்டாள். மணி எட்டே முக்கால். இந்த வாரம்தான் அவளுடைய வேலையை நிரந்தரமாக்கும் கடிதம் தேசிகன் சார் கையெழுத்துக்குப் போகிறது. அதை நம்பித்தான் அல்சூரில் வீடு பார்த்து வைத்து, தம்பியையும் கூட்டி வரப்போவதாக ஆம்பூருக்கு போன் செய்திருந்தாள்.

"சரி, நீங்க போங்க. நான் பாத்துக்கறேன்" என்றாள்.

கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள். சந்தனம் ஈரமான டிஷ்யூவுக்கு மரியாதையாகப் பணிந்து வந்துவிட்டது. குங்குமம் அப்படி இல்லை. மேலே பச்சையும் சாம்பலும் பூசிய மூக்கில் அது அவ்வளவாகத் தெரியவில்லை. ஆனால் கீழ்ப்பக்கம் வெளிர் சாம்பல். அங்கே பூச்சி கடித்துச் சிவந்த தோல் மாதிரி ஒரு தடம் நின்றது. தேய்க்கத் தேய்க்கப் பரவியது. தண்ணீர் போதாது என்று தோன்ற, மானிட்டர் துடைக்கும் ஸ்பிரிட் பாட்டிலையும் காது குடையும் பஞ்சுக் குச்சிகளையும் கொண்டு வந்தாள். ஸ்பிரிட் பட்டதும் சிவப்பு கழன்று வந்தது. அப்பாடா என்றிருந்தது. ஒரு குச்சி சிவந்ததும் கீழே போட்டாள், இன்னொன்றை எடுத்தாள். மூக்கு முடிந்தது, கழுத்து முடிந்தது, காக்பிட்டுக்குக் கீழே வந்தாள். அங்கே குங்குமம் திட்டாகப் படிந்திருந்தது. நன்றாக நனைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, இடமிருந்து வலமாக ஒரே இழுப்பாக இழுத்தாள். குச்சி கறுப்பாக வந்தது.

குங்குமம் எப்படிக் கறுப்பாகும் என்று ஒரு கணம் புரியாமல் குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு விமானத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். அந்தப் பொடி எழுத்து வரி இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. கடைசியில் ஒரு 'ஏ' மட்டும் பாதி உடம்போடு நின்றது.

தொழிற்சாலையில் அடித்த நிறம் எதற்கும் அசையாமல் இருந்தது. கையால் எழுதியது மட்டும் போய்விட்டது. மார்க்கர் பேனாவால் எழுதிவிடலாமா என்று எழுந்தாள். என்னவென்று எழுதுவது? அந்த வரியில் இருந்தது ஒரு பெயரா, ஊரா, ஏதாவது வாசகமா, எதுவும் தெரியாது. அவர் கம்ப்யூட்டரில் படம் இருக்குமா என்று தேடப் பார்த்தாள். கடவுச்சொல் தெரியாது. டோரதியைக் கேட்டாள். "ஐயோ, யாருடி அதெல்லாம் படிச்சிட்டிருப்பா? ஃபைட்டர் பிளேன்னு மட்டும் தெரியும்" என்றாள் டோரதி. முந்நூறு பேர் வேலை செய்யும் ஆபீஸ். அந்த அறைக்கு வந்து போனவர்கள் ஒருவரும் படித்திருக்கவில்லை.

பத்து மணிக்குச் சின்னத்தாயி டம்ளரில் தண்ணீர் நிரப்பி மூடி வைக்க வந்தாள். மேசையில் சிதறிக் கிடந்த குச்சிகளைப் பார்த்தாள். சிவப்பு ஆறு, கறுப்பு ஒன்று. விமானத்தின் இடது பக்கத்தைக் குனிந்து பார்த்தவள் நிமிரவே நேரம் பிடித்தது.

"பூட்ச்சா மேடம்?"

தமயந்தி ஸ்பிரிட் பாட்டிலை மூடி வைத்தாள்.

"நான்தான பொட்டு வெச்சேன். சார் கேட்டா நானே சொல்லிக்கிறேன். நீங்க பயந்துக்காதீங்கோ."

இந்த இடத்தில் 'வேண்டாம்க்கா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தமயந்தி சொல்லவில்லை. இதற்கு முன்னால் வேலை செய்தவள் ஒரு ஃபாரின் கிளையண்டின் கோப்பையை உடைத்தாள் என்று, ஆள் அனுப்பும் ஏஜென்சிக்கு ஒரே ஒரு போன் போனது. மறுநாள் அந்த நீலப் புடவையில் வேறொருத்தி நின்றாள். அந்த போனைப் போட்டதும் தமயந்திதான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை அதற்கு. அதையெல்லாம் நினைத்துக்கொண்டே, சின்னத்தாயி குச்சிகளைப் பொறுக்கிக் குப்பைத் தொட்டியில் போடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும்விட அவளைக் கூச வைத்தது, உள்ளுக்குள் எங்கோ கொஞ்சம் நிம்மதியாக இருந்ததுதான்.

பதினொன்று இருபதுக்கு லிஃப்ட் திறந்து தேசிகன் சார் வந்தார். கையில் சின்னப் பெட்டி, முகத்தில் காலை விமானத்தின் களைப்பு. "குட் மார்னிங். ரெடியா?" என்று கேட்டுக்கொண்டே அறைக்குள் போனார். தமயந்தி பின்னால் போனாள். காபித் தட்டோடு சின்னத்தாயியும் வந்து ஓரமாக நின்றாள்.

அவர் உட்காரவில்லை. விமானத்தை இரண்டு கையாலும் எடுத்தார். வாலைப் பார்த்தார், மூக்கைப் பார்த்தார், இடது பக்கம் திருப்பினார். திருப்பிய கை அப்படியே நின்றது.

"சார்," என்று சின்னத்தாயி முந்திக்கொண்டாள். "நான்தான் சார் அதுக்குப் பொட்டு வெச்சது. மிஷின்னு நெனச்சி வெச்சிட்டேன். தப்பு என்னோடதுதான் சார். மேடத்துக்கு ஒண்ணும் தெரியாது."

அவர் விமானத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பொட்டு வெச்சயா? எங்க, மூக்குலயா?"

"ஆமா சார்."

"அதுல தப்பில்ல. ஸ்குவாட்ரன்ல ஆயுத பூஜை அன்னிக்கு ஒவ்வொரு மிஷினுக்கும் அங்கதான் வெப்போம். டேக் ஆஃப் பண்ணினா காத்துல அதுவா போகும். கையால யாரும் தொட மாட்டா." இப்போது நிமிர்ந்தார். "வெச்சது யாருன்னு நான் கேக்கல. அழிச்சது யார்?"

காலையிலிருந்து இருவரும் தயார் செய்து வைத்திருந்த பதில் வேறு கேள்விக்கானது. சின்னத்தாயி வாயைத் திறந்து மூடினாள். பொட்டு வைத்தேன் என்று சொல்ல அவளால் முடியும். அழித்தேன் என்று பொய்க்குக்கூட அவள் வாயில் வராது. அவள் தரையைப் பார்த்தாள். தமயந்தி பக்கம் மட்டும் திரும்பவே இல்லை. அந்தத் திரும்பாத முகத்தைப் பார்க்கத் தமயந்திக்குத் தாங்கவில்லை.

இன்டர்காம் அடித்தது. அவர் எடுக்கவில்லை. தமயந்தி எடுத்தாள். கீழே வாசலில் இருக்கும் ராஜேந்திரன், "மேடம், மமதா அந்த ஒப்பரு பந்திதாரெ. மேலெ களிஸ்லா?" என்றான். மமதா அரை மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார், மேலே அனுப்பட்டுமா என்று கேட்கிறான்.

"ஐது நிமிஷ, ராஜேந்திரா" என்று சொல்லிவிட்டு ரிசீவரை வைத்தாள். வைத்த கை அதன் மேலேயே இருந்தது.

"நான்தான் சார்," என்றாள். "அக்கா மாட்டேன்னாங்க. நான்தான் ஸ்பிரிட் போட்டுத் தொடச்சேன். கறைய எடுக்கணும்னு... எழுத்து இருந்ததப் பாக்கல சார். ஒண்ணு விடாம வெக்கச் சொன்னதும் நான்தான்."

சொல்லி முடித்ததும் கடிதம், அல்சூர் வீடு, தம்பி எல்லாம் ஒருமுறை கண்முன் வந்து போயின. அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை.

தேசிகன் சார் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். விமானத்தை மெதுவாக மேசைக் கண்ணாடிமேல் இறக்கி வைத்தார், முதலில் பின் சக்கரங்கள், பிறகு முன் சக்கரம்.

"பதினேழு வருஷம் ஆச்சு," என்றார். "ரெண்டு ஹண்டர்ல கடல் மேல போனோம். நான் முன்னாடி, அந்த மமதாவோட புருஷன் பின்னாடி. நான் மட்டும் எறங்கினேன். பதினோரு நாள் தேடினோம். ஒரு க்ளவுஸ்கூட கெடைக்கல. அந்தம்மா கிட்ட கொண்டு போய்க் குடுக்க எங்கிட்ட எதுவுமே இல்ல, தமயந்தி. வெறுங்கையோட போய் நின்னேன். இத்தன வருஷம் கழிச்சு இது ஒண்ணு." சற்று நிறுத்தினார். "எட்டு மாசமா இங்க இருந்ததே, அதுல என்ன எழுதியிருந்ததுன்னு ஒரு தரம் படிச்சீங்களா?"

"இல்ல சார்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். தமயந்தி நின்ற இடத்திலேயே நின்றாள். போகச் சொன்னாரா, இருக்கச் சொன்னாரா என்று தெரியவில்லை.

சின்னத்தாயி காபித் தட்டை அலமாரி ஓரமாக வைத்தாள். மேசைக்குப் பக்கத்தில் வந்தாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாது சார்," என்றாள். "ஆனா தெனம் தூசு தட்றது நான்தான. கண்ணுலயே இருக்குது."

தண்ணீர் டம்ளரின் மூடியை எடுத்து, ஆட்காட்டி விரலை உள்ளே நனைத்தாள். மேசைக் கண்ணாடியை அவள் பார்க்கவில்லை. விமானத்தின் இடது பக்கத்தில், எழுத்து இருந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டு விரலைக் கண்ணாடிமேல் இழுத்தாள். முதலில் நேராக ஒரு கோடு. அதன் தலையில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை. அடுத்து ஒரு கோடு, அதற்குக் கால் மட்டும். அதற்கடுத்து ஒரு கோடு, அதற்குத் தொப்பி மட்டும். கொஞ்சம் இடம் விட்டாள். கால் வைத்தது மறுபடி ஒன்று, தொப்பி வைத்தது மறுபடி ஒன்று.

"அது அவனோட ராங்க்," என்றார் தேசிகன் சார். "ஃப்ளைட் லெஃப்டினென்ட். மேல போங்க, அம்மா."

அவர் அவளை 'போங்க' என்று சொல்லித் தமயந்தி கேட்டதில்லை. சின்னத்தாயி அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை. விரலை நனைத்தாள். இந்த முறை நின்ற கோட்டுக்கு மேல் பக்கம் ஒரு வயிறு வைத்தாள். அடுத்து ஒரு முழு வட்டம். அதற்கடுத்த எழுத்தில் சாய்வுக் கோடு தலைகீழாக விழுந்தது. தேசிகன் சாரின் கை திருத்துவதற்காக எழுந்து, பாதியில் நின்று, திரும்ப மேசைக்கே போனது. தமயந்தி கிட்டே வந்து குனிந்தாள். உதடுகள் தாமாக அசைந்தன. அந்தப் பெயரை அவள் முதல் முறையாக எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

வெளியே லிஃப்ட் மணி அடித்தது. ஐந்து நிமிஷம் என்று சொன்னதை ராஜேந்திரன் காதில் வாங்கவில்லை போலிருக்கிறது. டோரதி யாரையோ "திஸ் வே மேம்" என்று அழைத்து வரும் சத்தம் கேட்டது. மேசைக் கண்ணாடியின் அந்தக் கோடியில் முதலில் போட்ட கோடு ஓரத்திலிருந்து காயத் தொடங்கியிருந்தது. சின்னத்தாயி மறுபடி விரலை நனைத்தாள். இன்னும் நாலு எழுத்து பாக்கி இருந்தது.